கோபம் வந்தால் நெஞ்சு வலி: ஜான் ஹன்டர் உயிரிழந்தது எப்படி?

மீட்டிங்கில் யாராவது எதிர்த்துப் பேசினால் உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறதா? 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் பிரபல அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் ஹன்டருக்கு அது படபடப்போடு நிற்கவில்லை.

1728ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பெரியம்மைக்குத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னரின் குரு. ஆனா, ஆள் பயங்கரக் கோபக்காரர். 1773 முதல் அவருக்கு நெஞ்சு வலி. எரிச்சல் வந்தாலே போதும், வலியும் வந்துவிடும். தன்னைச் சீண்டுகிறவன் கையில்தான் தன் உயிர் இருக்கிறது என்று அவரே சொல்வாராம்.

ஏன் அப்படி? கோபப்படும்போது அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத் தசைக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். ரத்தக் குழாய் சுருங்கிப்போயிருந்தால் அது எப்படிக் கிடைக்கும்?

கோளாறு அந்தக் குழாய்களில்தான் என்று ஜென்னர் சந்தேகித்தார். குரு மனசு உடைந்துபோவாரே என்று வாய் திறக்கவில்லை.

1793 அக்டோபர் 16. செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக் கூட்டத்தில், மாணவர்களைச் சேர்ப்பது பற்றி வாக்குவாதம். ஹன்டரை ஒருவர் மறுத்துப் பேசினார். பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனவர், அங்கேயே சரிந்து விழுந்து இறந்தார். வயது 65.

பிரேதப் பரிசோதனையில் இதயக் குழாய்கள் எலும்புபோல இறுகியிருந்தன. ஜென்னர் நினைத்தது சரிதான்.