மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்கள்

ஆசிரியரைப்பற்றிய நூல்கள் எத்தேசத்தும் இருவகையாகக் காணப்படுகின்றன. ஆசிரியர் எவ்வாறிருத்தல் வேண்டுமென்று விதிப்பன ஒருவகை. ஓராசிரியர் எவ்வாறிருந்தாரென்று உரைப்பன மற்றொருவகை. முதல்வகைக்கு நம்மிடத்திற் குறைவில்லை. பவணந்திமுனிவர் எழுத்திலக்கணந் தொடங்குமுன்னரே, நன்னூற் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறி, மாணாக்கரியல்பையும் வகுத்துவைத்தார். இரண்டாம்வகையோ அரிது. மிஷன் பாடசாலையிலே கற்ற நாம், கிரேக்க ஞானியாகிய சோக்கிரதர் தாம் ஒரு நூலும் எழுதாதிருந்தும் மாணாக்கராகிய பிளேட்டோ எழுதியவற்றாலே இன்றும் அறியப்படுதலைப் படித்து, தமிழிலும் இத்தகையதொன்று உண்டோவென்று எண்ணியதுண்டு. அது மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம்முடைய ஆசிரியராகிய மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்களைப் பற்றி எழுதி, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இருபாகமாக வெளியிட்ட சரித்திரமேயாம். ஊவாவிலுள்ள நம் சைவவுபாத்தியாயர் பலர் பிள்ளையவர்களுடைய பெயரை அறிவர். அவர்கள் கற்பித்தவாற்றை அறிந்தவர் சிலரே.

பிள்ளையவர்கள் திரிசிரபுரத்தையடுத்த அதவத்தூரிலே 1815ஆம் ஆண்டு சிதம்பரம்பிள்ளைக்குப் புதல்வராய்த் தோன்றினார்கள். தந்தையார் முன்னே மதுரைத் திருக்கோயிலில் உத்தியோகம்பார்த்தவர். அதனைவிட்டு நீங்கியபின் திண்ணைப்பள்ளிக்கூடம் நடத்திச் சீவித்தவர். ஆதலாற் பிள்ளையவர்களுக்கு முதலாசிரியரும் அவரே. இளமையிலே தந்தையாரையிழந்து வறுமையுற்ற பிள்ளையவர்கள், எவரிடத்தே எந்நூல் உண்டென்று கேள்விப்படினும் அவரைத் தேடிச்சென்றார்கள். தண்டியலங்காரங் கற்ற பரதேசியொருவர் திரிசிரபுரத்து வீதிகளிற் பிச்சையேற்றுத் திரிந்தார். அவர் எளிதிலே பாடஞ்சொல்லுகிறவரல்லர். பிள்ளையவர்கள் அவர் பின்னே தெருத்தெருவாகத் திரிந்து, பணிவிடைசெய்து, அந்நூலைக் கற்றுக்கொண்டார்கள். ஏடு கிடைத்தலே அருமையாயிருந்த காலம் அது. பிற்காலத்திலே தம்மிடம் வந்தவர்களுக்குக் கல்வியைத் தடையின்றி வழங்கியதற்கு இந்நாட்களே காரணமென்று நாம் கருதுகின்றோம்.

பின்பு திருவாவடுதுறையாதீனத்திலே மகாவித்துவானென்னும் பட்டம் பெற்றார்கள். நம் நாட்டு ஆறுமுகநாவலருக்கு 1849இல் நாவலர்ப்பட்டம் வழங்கியதும் அவ்வாதீனமே. பிள்ளையவர்கள் பாடிய தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளும் பல. அவற்றுட் சேக்கிழார் பிள்ளைத்தமிழ் சைவர்களுக்கு மிக உவப்பானது. தாம் பாடிய குசேலோபாக்கியானம் வேறொருவர் பெயரால் வெளிவரவும் இசைந்தார்கள், பொருள்முடை அத்துணையிருந்தது. ஏட்டின் முன்னே மாணாக்கரொருவர் எழுத்தாணியோடிருக்க, செய்யுட்கள் ஒன்றன்பின்னொன்றாக அவர்கள் வாயினின்றும் வந்துகொண்டேயிருக்கும். எனினும் அப்புராணங்களை இக்காலத்திலே ஓதுவார் மிகச் சிலர். ஆயிரக்கணக்கான செய்யுள் செய்த புலவரை, தமிழுலகம் ஆசிரியராகவே பெரிதும் நினைக்கின்றது. அப்பெருமை ஒரு மாணாக்கர் எழுதிவைத்த வசனத்தால் நிலைத்தது.

அவர்களிடம் பாடங்கேட்டவர் இன்னாரென்று வரையறையில்லை. கும்பகோணம் காலேசிலே தமிழ்ப்பண்டிதராயிருந்த தியாகராசசெட்டியார், நாகூர்க் குலாம்காதிறு நாவலர், கிறிஸ்தவராகிய சவேரிநாதபிள்ளை எனச் சமயமும் சாதியும் வேறாகிய பலர் வந்தனர். சம்பளம் வாங்கிக் கற்பிக்கும் வழக்கமில்லை. வந்தவர்களுக்கு உணவுக்கும் உறைவிடத்துக்கும் பிள்ளையவர்களே வழிதேடினார்கள். இச்செலவினாலே கடன்தொல்லை அவர்களை இறுதிவரையும் விட்டிலது. நாம் மாதந்தோறும் சம்பளம் பெற்றுக்கொண்டே மாணாக்கர் தொகையைக் குறித்து முறையிடுகின்றோம்.

1871ஆம் ஆண்டிலே, பதினாறு வயது நிரம்பிய சாமிநாதையரை அவர் தந்தையார் மாயூரத்துக்கு அழைத்துவந்தார். அவ்வூர் இக்காலத்து மயிலாடுதுறை. பிள்ளையவர்கள் உடனே மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்களல்லர். வந்தவர்களிற் பலர் சிலகாலம் படித்துவிட்டு, ஊருக்குப் போய்வருகின்றோமென்று சென்று திரும்பிவாராதொழிந்தனரென்று வருந்தினார்கள். புகழ்பெற்ற வித்துவானுக்கும் இந்த மனப்புண் இருந்தது. பிள்ளையை அவர்களிடமே ஒப்புவித்துவிடுவதாகத் தந்தையார் உறுதிகூறியபின்னரே இசைந்தார்கள். அப்பொழுதும் நைடதத்தை ஐயருக்குச் சொல்லும்படி சவேரிநாதபிள்ளையிடமே விட்டார்கள். ஆசிரியர் வாயினின்றே கேட்க விழைந்த ஐயருக்கு இது பெருங்குறையாயிற்று.

அதற்கு அவர் கண்டுபிடித்த உபாயம் இனியது. பிள்ளையவர்கள் புதிதாக வாங்கிய வீட்டுத் தோட்டத்திலே மரங்களை வைப்பித்து, அவை தளிர்த்தனவோவென்று விடியற்காலையிலே சென்று பார்ப்பார்கள். அவ்விருப்பத்தை யறிந்த ஐயர், அவர்களுக்கு முன்னே எழுந்து, புதுத்தளிர் விட்ட இடங்களைத் தேடிவைத்திருந்து, ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆசிரியர் மனம் நெகிழ்ந்தது. தாமே பாடஞ்சொல்லத் தொடங்கினார்கள். எல்லவிலும் தேமோதரையிலும் கொழுந்து பறிப்பவர்களுடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நமக்குத் தளிரைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. இங்கே அது நிறுத்துக் கணக்கிடப்படும் பொருள். மாயூரத்திலே பாடத்துக்குத் திறவுகோலாயிற்று.

பிள்ளையவர்களுடைய முறை எல்லாவகையானும் நாம் பின்பற்றத்தக்கதென்று கூறோம். ஒருநாளிலே பலபல செய்யுட்களை விரைவாகச் சொல்லிச்செல்வார்கள். பதந்தோறும் நின்று விரித்துரைத்தல் குறைவு. பரீட்சையில்லை, கரும்பலகையில்லை, நேரசூசியுமில்லை. அறிவு மந்தமான மாணாக்கர் அவ்வெள்ளத்திலே என்செய்திருப்பரோ! பெஸ்டலோசி முதலிய ஐரோப்பிய ஆசிரியர் வற்புறுத்திய படிமுறை அங்கே இல்லை. ஆனால் கேட்டவர்களுடைய காது செய்யுளோசையிலே ஊறிற்று. பொருள் மறந்த ஏட்டுச்சுவடிகளை ஐயர் பின்னாளிலே கையிலெடுத்தபோது, சிதைந்த அடிகளைச் செப்பஞ்செய்ய அப்பயிற்சி அவருக்கு உதவிற்று. 1880இலே தியாகராசசெட்டியார் கும்பகோணத்திலே தாம் வகித்த பதவிக்கு ஐயரை முன்னிறுத்தினார். 1887இலே சீவகசிந்தாமணி ஐயர்பதிப்பாக வெளிவந்தது. சமணகாவியத்தை அச்சேற்றியவர் சைவமகாவித்துவானுடைய மாணாக்கர்.

அந்நூல் வெளிவந்ததைக் காணப் பிள்ளையவர்கள் இருந்தார்களல்லர். 1876ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 1ஆந் தேதி, அறுபத்தோராம் வயதிலே, திருவாவடுதுறையிலே சிவபதமடைந்தார்கள். இறுதிவேளையிலே ஐயர் திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓதினார். தளர்ந்த உடலைத் தம் மார்பிலே சார்த்தித் தாங்கியிருந்தவர் சவேரிநாதபிள்ளை. மிஷன் பாடசாலையில் உண்டு படித்துச் சைவப் பாடசாலையிலே தொழில்செய்யும் நம்போன்றவர் அந்த அறையை நினையாதிருத்தல் அரிது.

ஐயர் குருவோடிருந்தது ஐந்தாண்டுக்கு உட்பட்ட காலமே. சரித்திரத்தை வெளியிட்டபோது அவருக்கு வயது எழுபத்தெட்டு. ஆசிரியருடைய புகழை எழுதியது போலவே அவருடைய கடனையும் மனவருத்தத்தையும் ஒளியாது எழுதினார். தலபுராணச் செய்திகள் மிகுந்த முதற்பாகத்திலே சலிப்புத்தட்டினும் தட்டும். அத்தகையோர் இரண்டாம்பாகத்தை முதலிலே படிப்பாராக. ஐயர் ஆசிரியரோடு கூடியிருந்த காலம் அதிலேதான் வருகின்றது. தளிர் காட்டிய கதையை 1940 முதல் ஆனந்தவிகடனிலே வெளிவந்த அவருடைய என் சரித்திரத்திலும் காணலாம். 1942ஆம் ஆண்டு ஏப்ரலிலே ஐயர் காலமானதால் அந்நூல் முற்றுப்பெறவில்லை.