விளக்கேந்திய மங்கையின் நோய்க்காலம்

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றவுடன், கையில் விளக்கேந்தி இரவில் நோயாளிகளிடையே நடந்து செல்லும் உருவமே நம் நினைவில் தோன்றுகிறது. கிரீமியப் போரின்போது அவர் அவ்வாறு நடந்த காலம் இரண்டாண்டுகளுக்கும் குறைவே. போருக்குப் பின்னர் இருபதாண்டுகளுக்கும் மேலாக அவரே நோயாளியாக வாழ்ந்தார். செவிலியின் கதையை நாம் நன்கறிவோம்; நோயாளியின் கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

1820ஆம் ஆண்டு இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் செல்வமிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தவர் நைட்டிங்கேல். மருத்துவமனைப் பணி இழிவாகக் கருதப்பட்ட அந்நாளில், குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி அத்தொழிலைக் கற்றார். 1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரி படைமருத்துவமனையை அடைந்தார். அங்கே போர்க்காயங்களைவிட அழுக்கு நீரும் அடைபட்ட கழிவுக்கால்களும் மிகுதியான வீரர்களைக் கொன்றன. அந்த முதற்குளிர்காலத்தில் இறந்தவர்களை அவரால் இறுதிவரை மறக்க இயலவில்லை.

1855 மே மாதத்தில், கிரீமியாவின் மருத்துவமனைகளைப் பார்வையிடச் சென்றபோது கடுங்காய்ச்சல் அவரைத் தாக்கியது. சாவின் விளிம்புவரை சென்று மீண்ட அவரைத் தாயகம் திரும்புமாறு பலரும் வற்புறுத்தினர். அவர் மறுத்துவிட்டார். போர் முடிந்து 1856இல் இங்கிலாந்து திரும்பியபோது, நோயும் உடன் வந்தது.

படைவீரர்களின் இறப்புக்கான காரணங்களைக் கணக்கிட்டு அரசுக்கு எடுத்துரைக்கும் பணியில் ஓய்வின்றி ஈடுபட்டிருந்தவர், 1857 ஆகஸ்டில் உடல்நலம் குலைந்து வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 37. விரைவில் இறந்துவிடுவோம் என்றே நம்பினார். படபடப்பு, மூச்சுத்திணறல், உணவின்மேல் வெறுப்பு, உறங்கா இரவுகள் ஆகியன மாறிமாறி வந்தன. 1861இன் இறுதியில் முதுகெலும்பில் தொடங்கிய வலி அவரை முற்றிலும் முடக்கியது. ஆறாண்டுகள் அவரால் நடக்க இயலவில்லை. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பிறர் தூக்கிச் சென்றனர். தோலின் கீழ் அபினைச் செலுத்தும் அக்காலத்துப் புதிய சிகிச்சை ஒருநாள் அளவுக்கு வலியைத் தணித்தது. ஆனால் அறிவின் தெளிவை அது மங்கச் செய்வதாக அவர் உணர்ந்தார்.

வலியோடு மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது. உலகம் அவரைப் போற்றிக்கொண்டிருக்க, அவரோ தம் வாழ்வைத் தோல்வியெனக் கருதித் தனிக்குறிப்புகளில் எழுதினார். 1861ஆம் ஆண்டிலேயே அவருடைய உற்ற துணைவர்களான சிட்னி ஹெர்பர்ட்டும் கவிஞர் ஆர்தர் கிளஃபும் மறைந்தனர். இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹெர்பர்ட் சிறுநீரக நோயால் நலிந்துகொண்டிருந்தபோதும் படைத்துறைச் சீர்திருத்தத்தைக் கைவிடலாகாது என அவரை நெருக்கியவர் நைட்டிங்கேல். வலியில் வாழ்பவர் எல்லாரிடத்தும் கனிவாகவே இருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது.

வெளியில் தெரியும் புண் எதுவும் இல்லாத இந்நோய்க்கு மருத்துவர்களால் பெயர் சொல்ல முடியவில்லை. அதனால், வேண்டாதவர்களைத் தவிர்க்க அவர் நோயாளிபோல் நடித்தார் என்றுகூடப் பிற்காலத்தார் சிலர் எழுதினர். கண்ணுக்குத் தெரியாத வலியை நம்ப மறுக்கும் இப்போக்கு நியாயமற்றது. புரூசெல்லா என்னும் நுண்ணுயிரி 1887இல்தான் மால்டா தீவில் கண்டறியப்பட்டது. காய்ச்சாத ஆட்டுப்பால் வழியே பரவி, முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கி, உறக்கமின்மையையும் மனச்சோர்வையும் விளைவிக்கவல்ல அந்தத் தொற்றே நைட்டிங்கேலின் நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று 1995இல் பிரிட்டன் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை விளக்கியது.

நோய் தீரும் வரை காத்திராமல், அதற்கேற்ப அவர் தம் நாளை அமைத்துக்கொண்டார். முன்னரே நேரம் குறித்து ஒரு சமயத்தில் ஒருவரை மட்டுமே சந்தித்தார். வீட்டின் கீழ்த்தளத்தில் இருப்பவருக்கும் துண்டுச்சீட்டிலேயே செய்தி அனுப்பினார். பேசினால் செலவாகும் ஆற்றலை எழுத்துக்காகச் சேமித்தார். பூனைகள் மட்டும் அவரது அறையில் தடையின்றி உலவின.

1859 இறுதியில் வெளிவந்த அவரது செவிலியர் கையேடு படுக்கையில் கிடந்தவரின் அறிவையும் கொண்டது. நோயாளியைத் துயின்ற சில நிமிடங்களில் எழுப்பினால் அவர் மீண்டும் உறங்குவது அரிது. சில மணிநேரம் துயின்றபின் எழுப்பப்பட்டவருக்கோ உறக்கம் எளிதில் திரும்பும் என்கிறார். கதவுக்கு வெளியே எழும் கிசுகிசுப்பு எவ்வளவு துன்பம் தரும், பொருளற்ற ஆறுதல் மொழிகள் எவ்வளவு சலிப்பூட்டும், ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு மலரின் நிறம் எத்தகைய மாற்றம் என்பதையெல்லாம் நுணுக்கமாக விளக்குகிறார்.

இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆயினும் இங்கிருந்த படைமுகாம்களுக்கு வினாப்பட்டியல்கள் அனுப்பி, வந்த விடைகளைப் படுக்கையிலிருந்தே ஆராய்ந்தார். இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையில் ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 69 பேர் இறந்து வந்ததை 1863இல் வெளியான அரசு ஆணையத்தின் அறிக்கை காட்டியது. பத்தாண்டுகளில் அது 18ஆகக் குறைந்ததை அவரே எழுதினார். பின்னர் அவரது கவனம் இந்நாட்டு உழவர்பால் திரும்பியது. 1876-78 காலப் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, கொள்ளிடத்தில் அணைகட்டிய ஆர்தர் காட்டனின் பாசனத் திட்டங்களுக்கு ஆதரவாக எழுதினார்.

அறுபது வயதை ஒட்டி வலியும் மனச்சோர்வும் மெல்லத் தணிந்தன. உறவினரிடமும் இளஞ்செவிலியரிடமும் அன்பாகப் பழகும் முதியவராக மாறினார். எனினும் முழுநலம் திரும்பவில்லை. கடைசி ஆண்டுகளில் பார்வையும் மறைந்தது. 1907இல், ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயரிய விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1910 ஆகஸ்டு 13 அன்று லண்டன் இல்லத்தில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தார் ஏற்கவில்லை. சிற்றூர்த் தேவாலயம் ஒன்றின் வளாகத்தில் குடும்பக் கல்லறையிலேயே அடக்கம் செய்தனர். அங்குள்ள கல்லில் அவருக்கெனப் பொறிக்கப்பட்டவை பெயரின் இரு முதலெழுத்துகளும் பிறப்பு, இறப்புக் குறிப்புகளுமே.