எடி கொய்கி மாபோ

ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் இடையே உள்ள டோரஸ் நீரிணையில் மெர் என்னும் சிறு தீவு உள்ளது. அங்கு 1936 ஆம் ஆண்டு சூன் 29 ஆம் நாள் எடி கொய்கி மாபோ பிறந்தார். பிறந்த சில நாள்களில் தாயை இழந்த குழந்தையைத் தாய்மாமன் பென்னி மாபோ தம் மகனாக ஏற்று வளர்த்தார். மெரியம் மக்களிடையே இவ்வாறு மகவேற்பது நெடுநாளைய வழக்கம். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் பெரும் சிக்கலுக்குக் காரணமானதும் இவ்வழக்கமே.

இளமையிலேயே தீவை விட்டு வெளியேறிய மாபோ, முத்துக்குளிக்கும் படகுகளிலும் கரும்பு வயல்களிலும் இருப்புப்பாதைப் பணியிலும் உழைத்தார். பின்னர் டவுன்ஸ்வில் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டப் பணியாளரானார். அங்கிருந்த வரலாற்றறிஞர்களிடம் மெர் தீவிலுள்ள தம் குடும்ப நிலத்தைப் பற்றி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தார். சட்டப்படி அந்நிலம் அரசுடைமை என்று அவர்கள் தயங்கித் தயங்கிக் கூறினர். பாட்டன் காலம் முதல் பயிரிட்டு வந்த நிலம் தமதன்று என்பதை அவரால் நம்பவே இயலவில்லை.

ஆங்கிலேயர் வருவதற்கு முன் அந்நாடு எவருக்கும் உரிமையற்ற நிலமாக இருந்தது என்ற கருத்தின்மீதே ஆஸ்திரேலிய நிலச்சட்டம் எழுப்பப்பட்டிருந்தது. அதனை எதிர்த்து 1982 ஆம் ஆண்டு மே 20 ஆம் நாள் மாபோவும் மெரியம் மக்கள் நால்வரும் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றத்தில் குயின்ஸ்லாந்து அரசின்மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, தீவினரின் உரிமைகளை முன்தேதியிட்டு ஒழிக்கும் சட்டமொன்றைக் குயின்ஸ்லாந்து அரசு 1985 இல் இயற்றியது. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்திற்கு முரணானது எனக் கூறி உயர்நீதிமன்றம் 1988 இல் அதனைச் செல்லாததாக்கியது.

எஞ்சியது சான்று. மெரியம் மக்களிடம் பட்டாவோ பத்திரமோ இல்லை. எல்லைக் கற்களும் மரங்களும் ஓடைகளும், மூத்தோர் வாய்மொழியாகச் சொல்லித் தந்த செய்திகளுமே அவர்களுக்கு ஆவணம். பிறர் நிலத்தில் கால் வையாதே, பிறர் பொருளைத் தொடாதே என்னும் மாலோ தெய்வத்தின் நெறியே அவர்களுடைய நிலச்சட்டம். ஆனால், பாட்டனார் கூறியதை மாபோ எடுத்துரைக்கும்போதெல்லாம், அது செவிவழிச் செய்தி என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் மறுத்தனர். எழுத்தறியாச் சமூகமொன்று தன் உரிமையை வேறெவ்வாறு மெய்ப்பிக்கக்கூடும்? சான்றுகளை ஆராயப் பணிக்கப்பட்ட நீதிபதி மொய்னிகான் மெர் தீவுக்கே சென்று சாட்சிகளைக் கேட்டார். மெரியம் மக்கள் நெடுங்காலமாகத் தோட்டங்களை எல்லை வகுத்துப் பேணி வந்ததை 1990 இல் அளித்த அறிக்கையில் அவர் ஏற்றார். எனினும், வளர்ப்பு மகன் என்ற முறையில் மாபோ கோரிய தனியுரிமையை ஏற்கவில்லை. வழக்கின் பெயரில் நிலைத்த மாபோ, தம் சொந்தக் கோரிக்கையில் தோற்றார். ஆயினும் பிறர் பொருட்டு வழக்கு தொடர்ந்தது.

புற்றுநோயால் 1992 சனவரி 21 ஆம் நாள் அவர் மறைந்தார். அதே ஆண்டு சூன் 3 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் எழுவருள் அறுவர் மெரியம் மக்களின் உரிமையை ஏற்றனர். தொல்குடியினர் தம் மரபு வழக்கங்களின்வழி நிலத்தோடு கொண்ட தொடர்பு அறுபடாது நீடித்து, அரசும் அவ்வுரிமையைச் சட்டப்படி நீக்காதிருப்பின் அது செல்லும் என்பது தீர்ப்பின் சாரம். மறு ஆண்டே தொல்குடி நிலவுரிமைச் சட்டம் நிறைவேறியது.

டவுன்ஸ்வில்லில் இருந்த மாபோவின் கல்லறையை 1995 இல் இனவெறியர் சிதைத்தனர். குடும்பத்தார் அவருடலை மெர் தீவுக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தனர். அத்தீவைச் சூழ்ந்த கடலில் வணிக நோக்கில் மீன்பிடிக்கவும் டோரஸ் நீரிணை மக்களுக்கு மரபுரிமை உண்டென்பதை 2013 இல் உயர்நீதிமன்றம் ஏற்றது.