பெங்களூருக்குப் பூக்காலம் வகுத்த ஜெர்மானியர்

தை பிறந்ததும் பெங்களூரில் ஒரு வேடிக்கை நடக்கும். காலை ரயிலில் வந்து இறங்கி, ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடுகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நிற்பார்கள். பையிலிருந்து செல்போனை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். எதை? ஓர் இலைகூட இல்லாமல், கிளையெல்லாம் இளஞ்சிவப்புப் பூவாக நிற்கும் சாலையோர மரத்தை! சில நாட்களில் அந்தப் பூவெல்லாம் உதிர்ந்து தரையில் கம்பளம் விரித்துவிடும். அதற்குள் அடுத்த வீதியில் மஞ்சள் பூ ஆரம்பித்துவிடும்.

நானும் அப்படிப் படம் எடுக்கிறவன்தான். ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். நாள் முழுவதும் பதிவேடும் பட்டியலுமாகப் போய்விடும். வழியில் கண்ணில் பட்ட மரத்தைப் படம் எடுப்பது ஒன்றுதான் எனக்கு வாய்த்த பொழுதுபோக்கு. ஒரு வருஷத்துப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. பன்னிரண்டு மாதங்களில் பூ இல்லாத மாதம் ஒன்றுகூட இல்லை. ஒரு வண்டி புறப்பட்டதும் அடுத்த வண்டி பிளாட்பாரத்துக்கு வருவதுபோல, ஒரு மரம் ஓய்ந்ததும் மற்றொரு மரம் பூக்கிறது.

இப்படி ஒரு டைம்டேபிள் தானாக அமையுமா? அமையாது. அதற்கு ஒருவர் திட்டம் வகுத்தார். அவர் ஜெர்மனியில் பிறந்தவர். பெயர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல்.

எல்பே நதிக்கரையிலிருந்து

ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில், டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் லோமன் என்று ஓர் ஊர். அங்கே 1865-ம் வருஷம் டிசம்பர் மாதம் கிரும்பிகல் பிறந்தார். இளம் வயதிலேயே அவருடைய மனம் செடி கொடிகளில் ஈடுபட்டது. எல்பே நதிக்கரையில் பில்நிட்ஸ் என்ற இடத்தில் அரண்மனைத் தோட்டங்கள் உண்டு. அங்கே தோட்டக்கலை பயின்றார். பிறகு ஜெர்மனியில் சில இடங்களில் வேலை பார்த்துவிட்டு, 1888-ல் இங்கிலாந்துக்குப் போனார்.

லண்டனில் ஹைடு பார்க் பூங்காவில் பூப்பாத்திகள் அமைக்கும் வேலை கிடைத்தது. அதன்பின் உலகப் புகழ்பெற்ற கியூ தாவரவியல் தோட்டத்தில் சேர்ந்தார். உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் விதையும் நாற்றும் வந்து சேரும் இடம் அது. எந்த மரம் எந்தச் சீமைக்கு உரியது, அதை வேறு மண்ணில் வைத்தால் பிழைக்குமா, எப்போது இலை உதிர்க்கும், எப்போது பூக்கும் என்பதையெல்லாம் அங்கே நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் காலத்தில் நம் நாட்டுச் சமஸ்தானங்கள் கியூ தோட்டத்தில் பயின்றவர்களைத் தேடி அழைத்துக்கொண்டிருந்தன. 1893-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாடின் சமஸ்தானத்துத் தோட்டங்களைக் கவனிக்க கிரும்பிகல் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 27. பரோடாவில் பதினைந்து வருஷ காலம் பணியாற்றினார். குஜராத்தின் கடும் வெயிலும் அங்குள்ள மண்ணும், இந்தியாவில் ஐரோப்பியத் தோட்டத்தை அப்படியே நகல் எடுக்க முடியாது என்பதை அவருக்குப் புரியவைத்தன.

லால்பாக்குக்கு வந்தார்

பெங்களூர் லால்பாக், ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம். திப்பு சுல்தான் அதைப் பெருக்கினார். பின்னர் வெள்ளையர் நிர்வாகத்தில் ஜான் காமெரான் என்பவர் முப்பது வருஷங்களுக்கு மேல் அதைப் பராமரித்தார். இன்று நாம் மலர்க்காட்சிக்குப் போகிறோமே, அந்தக் கண்ணாடி மாளிகை அவர் காலத்தில் எழுந்ததுதான். காமெரான் ஓய்வு பெற்றதும், மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அந்தப் பொறுப்புக்கு கிரும்பிகலை வரவழைத்தார். 1908-ல், தமது 42-வது வயதில், கிரும்பிகல் லால்பாக்கில் காலடி வைத்தார்.

இந்த இடத்தில் நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெங்களூரில் தோட்டத் தொழில் என்றாலே திகளர் சமூகத்தார்தான் நினைவுக்கு வருவார்கள். தமிழகத்தில் வேர் கொண்ட இவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் பூவும் காயும் பயிரிட்டவர்கள். சித்திரை பௌர்ணமியில் நடக்கும் பெங்களூர்க் கரகம் அவர்களுடைய திருவிழாவே. ஹைதர் காலத்திலிருந்தே தோட்ட வேலையில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்று சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்து இந்த மண்ணில் கை வைத்தவர்கள் வரிசையில் கிரும்பிகல் முதல்வரும் அல்ல, கடைசியானவரும் அல்ல.

லால்பாக்கில் அவர் செய்த வேலைகள் பல. வெளிநாட்டுத் தோட்டங்களோடு விதைப் பரிமாற்றம் வைத்துக்கொண்டார். நம் ஊர் விதைகளை அனுப்பி, அங்குள்ளவற்றைத் தருவித்தார். வந்தவற்றை நாற்றங்காலில் வளர்த்துப் பார்த்து, கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் இந்த மேட்டு நிலத்தின் குளிரும் வெயிலும் எவற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்று கவனித்தார். உள்ளூர் இளைஞர்களுக்குத் தோட்டக்கலை கற்றுக்கொடுத்தார். 1912-ல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. லால்பாக் மலர்க்காட்சிகள் ஊரறிந்த விழாவாக வளர்ந்ததில் அந்தச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பூக்களின் டைம்டேபிள்

லால்பாக் மதிலுக்கு வெளியே அவர் செய்த காரியம்தான் நாம் தினமும் அனுபவிப்பது. சாலை ஓரத்தில் மரம் நடுவது அசோகர் காலத்திலிருந்து உள்ள வழக்கம்தான். நிழல் வேண்டும், கனி வேண்டும் என்று நட்டார்கள். கிரும்பிகல் மாதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். ஒரு சாலைக்கு ஒரு ஜாதி மரம்; அது பூத்து ஓயும் சமயத்தில் அடுத்த சாலையில் வேறு ஜாதி மரம் பூக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றி நட்டால், வருஷம் முழுவதும் ஊரில் எங்காவது ஓரிடத்தில் பூ இருந்துகொண்டே இருக்கும். இதுதான் அவருடைய திட்டம்.

இதன் சூட்சுமம் எளிமையானது. மரங்களில் பல, மழைக்காலம் முடிந்து வறட்சி தொடங்கியதும் இலையை உதிர்த்துவிடும். இலை போனபின் வெறும் கிளையில் பூ வெடிக்கும். ஆனால் எல்லா மரமும் ஒரே நாளில் இலை உதிர்ப்பதில்லை. ஒன்று குளிரில் உதிர்க்கும், ஒன்று வெயில் ஏறியபின் உதிர்க்கும், இன்னொன்று இலையோடேயே மழைக்காலத்தில் பூக்கும். இந்த வித்தியாசங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பார்த்தால் அட்டவணை தானே வந்துவிடும். அதற்குப் பல வருஷப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

என் செல்போனில் உள்ள படங்களின்படி அந்த அட்டவணை ஏறக்குறைய இப்படி ஓடுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் தபேபுயா மரத்தின் இளஞ்சிவப்பு. மாசி கடைசியில் அதே இனத்தின் மஞ்சள். மார்ச்சில் ஜகரண்டாவின் ஊதா. பங்குனியில் புங்க மரம் பொரி கொட்டியதுபோல வெள்ளைப் பூ உதிர்க்கும். சித்திரையில் சரக்கொன்றை தொங்கும். ஏப்ரல் முடிந்து மே பிறந்தால் மயிற்கொன்றை ஊரையே சிவப்பாக்கிவிடும். மேதினம் கொண்டாடுகிறதோ என்று தோன்றும். ஜூனில் பூமருதின் ஊதாக் கொத்துகள். மழைக்காலத்தில் இலைகளுக்கு நடுவே மஞ்சள் கொன்றைகள். பிறகு ஆப்பிரிக்கத் துலிப் மரத்தின் செங்காவிப் பூ. ஐப்பசி, கார்த்திகையில் மரமல்லி. இரவு டூட்டி முடித்து வீட்டுக்கு நடக்கிறவனுக்கு மரமல்லி கண்ணில் படாது. வாசனைதான் முதலில் வரும். கீழே விழுந்து கிடக்கும் வெள்ளைப் பூவைப் பார்த்துத்தான் மரம் எது என்று அறியலாம்.

இவற்றில் எல்லாமே கிரும்பிகல் கொண்டுவந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. சில அவருக்கு முன்பே வந்தவை. புங்கமும் சரக்கொன்றையும் நம் மண்ணுக்கே சொந்தம். அவருக்குப் பின் வந்தவர்கள் நட்டவை ஏராளம். 1980-களில் நெகினாள் என்ற வனத்துறை அதிகாரி லட்சக்கணக்கில் மரக்கன்றுகள் நட்டு, கூண்டு போட்டுக் காப்பாற்றினார். இன்றைய இளஞ்சிவப்புக்கு அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பூக்காலத்தை முறைப்படுத்தி ஒரு நகரத்தை அமைக்கலாம் என்ற எண்ணத்துக்கு வித்திட்டவர் கிரும்பிகல்.

ஓய்வும் சிறையும்

1932-ல் கிரும்பிகல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் எச்.சி. ஜவராயா பொறுப்பேற்றார். லால்பாக்கைத் தலைமை ஏற்று நடத்திய முதல் இந்தியர் அவரே. தம்மிடம் வேலை கற்றவரிடமே பொறுப்பை விட்டுச் சென்ற பெருமை கிரும்பிகலுக்கு உண்டு. கண்ணம்பாடி அணைக்குக் கீழே திவான் மிர்சா இஸ்மாயில் உருவாக்கிய பிருந்தாவனத் தோட்டத்தின் அமைப்பிலும் கிரும்பிகலின் கை உண்டு. நம்மில் பலர் கல்யாணமான புதிதில் நின்று படம் எடுத்துக்கொண்ட இடம் அது!

ஓய்வுக்குப் பின்னும் அவர் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. பெங்களூரே ஊராகிவிட்டது. ஆனால் 1939-ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. இந்தியாவில் இருந்த ஜெர்மானியரை எல்லாம் பிரிட்டிஷ் சர்க்கார் எதிரி நாட்டவர் என்று கணக்கெடுத்தது. கிரும்பிகலும் காவலில் வைக்கப்பட்டார். நாற்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் இந்த நாட்டில் வாழ்ந்து, ஊருக்கெல்லாம் நிழல் நட்ட எழுபது வயதுக் கிழவரை, பிறந்த ஊர் எது என்ற ஒரே கேள்வி கேட்டு உள்ளே வைத்துவிட்டார்கள்.

வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். பிள்ளை பிறந்ததும், வீடு கட்டியதும், பெற்றோருக்குக் கொள்ளி வைத்ததும் இந்த ஊரில்தான் என்றாலும், ஏதாவது ஒரு நாள் யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிடுவார். கிரும்பிகல் அதற்கு என்ன பதில் சொன்னாரோ, அவருடைய மரங்கள் மட்டும் அந்த வருஷங்களிலும் மாதம் தவறாமல் பூத்துக்கொண்டிருந்தன.

1945 பிப்ரவரியில் குண்டு வீச்சில் டிரெஸ்டன் நகரம் எரிந்து சாம்பலாயிற்று. அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்து நகரம் அது. யுத்தம் முடிந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்தது. சமஸ்தானங்கள் மறைந்தன. கிரும்பிகல் பெங்களூரிலேயே இருந்தார். 1956 பிப்ரவரி 8-ம் தேதி, தமது 90-வது வயதில், இங்கேயே காலமானார். ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பிப்ரவரி என்பது தபேபுயா பூக்கும் மாதம்.

நம் பங்கு என்ன?

மரம் நடுகிறவன் தன் கணக்கை நாற்பது, ஐம்பது வருஷம் தள்ளிப் போடுகிறான். அதை வெட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். 2016-ல் பெங்களூரில் இரும்பு மேம்பாலம் ஒன்று கட்ட ஏற்பாடு நடந்தது. அதற்காக 812 மரங்களை வெட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கான ஜனங்கள் சாலையோரத்தில் கைகோத்து நின்றார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று எல்லா மொழிக்காரரும் இந்த ஊரின் நிழலில் நடக்கிறவர்கள்தானே. மறு வருஷம் மார்ச்சில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் சாலை அகலப்படுத்துவதற்கும் கட்டிடங்களுக்குமாக விழுந்த மரங்கள் அதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. அட்டவணையில் ஒரு மரம் போனால் ஒரு மாதம் காலியாகும்.

லால்பாக்குக்குப் பக்கத்தில் கிரும்பிகல் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. தினமும் அதன் வழியே போகிறவர்களில் பலருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பதே தெரியாது. அடுத்த முறை குழந்தைகளை மலர்க்காட்சிக்கு அழைத்துப் போகும்போது, அந்தப் பெயர்ப்பலகையைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது லால்பாக் நாற்றங்காலில் ஒரு கன்று வாங்கி வாருங்கள். வீட்டு வாசலில் இடம் இல்லாவிட்டால் தொட்டியில் வையுங்கள். அது முதல் பூ பூக்கும் நாளில் ஒரு படம் எடுத்து, தேதியை எழுதி வையுங்கள்.