எவுஸ்தாக்கியு என்னும் பெயர் தாங்கிய இரு தளபதிகள்

எவுஸ்தாக்கியு என்பது கிரேக்கப் பெயர். மணி நிறைந்த நற்கதிர் என்பது அதன் பொருள். வைகைப் பாசன வயல்களைக் கண்டு வளர்ந்த நமக்கு இப்பொருள் இனிப்பதே. நமது பழைய மதுரை மிஷன் வரலாற்றிலும் இப்பெயருடைய படைத்தலைவர் ஒருவர் உண்டு.

முதலாமவர் உரோமைச் சக்கரவர்த்தி டிராயன் காலத்துத் தளபதி பிளாசிதுஸ். வேட்டையில் மானின் கொம்புகளுக்கிடையே பாடுபட்ட சுரூபத்தைக் கண்டு மனந்திரும்பி, எவுஸ்தாக்கியு என்று ஞானஸ்நானம் பெற்றார்; யோபைப் போல் உடைமையும் மனைவி மக்களும் இழந்து, மீண்டும் அவர்களை அடைந்து, அட்ரியன் காலத்தில் குடும்பத்தோடு வேதசாட்சியானார் என்பது பாரம்பரியம். சான்று போதாமையால் 1969-இல் திருச்சபை இவரது விழாவைப் பொது நாள்காட்டியினின்று நீக்கியது. அது சரியே என்பது நம் கருத்து. ஆனால் அவர் பெயர் தாங்கிய மற்றவருக்குச் சான்று கல்லிலேயே இருக்கிறது.

அவர்தான் எவுஸ்தாக்கியு டிலனாய். டச்சுக் கம்பெனிப் படையில் வந்து, 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டவர். கைதியின் திறமையை மன்னர் கண்டுகொண்டார். துப்பாக்கிப் பயிற்சியும் பீரங்கி வார்ப்பும் உதயகிரிக் கோட்டை வேலையும் அவர் பொறுப்பாயின. மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்றனர்.

அரசுப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை கால்நடையும் பொருளும் இழந்து மனம் சோர்ந்திருந்தார். அவருக்குக் கத்தோலிக்கரான டிலனாய் சொன்னது யோபின் கதை. போதகரல்லாத ஒரு போர்வீரரின் வாய்மொழி அவரை வடக்கன்குளம் வரை நடத்திற்று. அங்கே, 1745 மே 14 அன்று, மதுரை மிஷனைச் சார்ந்த சேசுசபைக் குருவானவர் பரஞ்சோதிநாதர் என்னும் புத்தாரி சுவாமிகள் அவருக்குத் தேவசகாயம் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்.

1749-இல் தேவசகாயம் பிள்ளை கைதானார். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொல்வித்தது டிலனாய் உப்புத் தின்ற அரசே. உரோமைத் தளபதி சக்கரவர்த்தியை மறுத்து உயிர் விட்டார் என்கிறது பாரம்பரியம். டிலனாயோ நண்பர் இறந்தபின் 25 ஆண்டுகள் அந்த அரசின் தளபதியாகவே இருந்தார். இதை மறைத்து எழுதுவது அழகன்று. அவரை எளிதில் குறை கூறவும் நமக்கு மனம் வரவில்லை. கைதியாக வந்து அரசனின் தயவில் வாழ்ந்தவர் அவர்.

தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. டிலனாய் இறந்தது 1777-இல். கோட்டாறு சென்று புனிதரின் கல்லறையைத் தரிசிக்கும் நம் பங்கு மக்கள், தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்கும் சென்று வரலாம். அங்குள்ள சிற்றாலயத்தில், மனைவி மார்கரீத்தா, மகன் ஜொகான்னஸ் ஆகியோருடன் அத்தளபதி அடக்கமாகியுள்ளார். கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது.