யாழ்நூல் தந்த விபுலானந்த அடிகள்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரை வீதியிற் செல்வோர் சாய்ந்தமருதைக் கடந்தவுடன் காரைதீவு என்னும் ஊரை அடைவர். அதற்கும் தெற்கே நிந்தவூர். இருபுறமும் முஸ்லிம் பெருமக்கள் வாழும் ஊர்கள். நடுவே இந்தச் சைவத் தமிழ்க் கிராமம். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், இடையிடையே தென்னஞ்சோலை. ஏர் பிடிப்போரும் வலை வீசுவோரும் மதவேறுபாடின்றிக் கவி பாடும் நாடு இது. இந்நாடு தந்த இசைத்தமிழ்ப் பேரறிஞர் விபுலானந்த அடிகள். அவர்தம் வரலாற்றை நம் வாலிபர்கள் அறிந்துகொள்ளுதல் கடனாகும். பெரியோர்கள் முன்னரே அறிந்ததாயினும், மீண்டும் ஒருமுறை நினைந்து மகிழ்தற்கு உரியது.

இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் காரைதீவு, அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் 1892 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆந் திகதி, சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராக அடிகள் தோன்றினார். மயில்வாகனம் என்பது அவருடைய பிள்ளைத் திருநாமம். ஊரிலே கண்ணகியம்மன் கோயில் பெருஞ்சிறப்புடன் விளங்குவது. வைகாசி மாதத்துச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிப்பதும், குளிர்த்தி பாடுவதும் கிழக்கிலங்கையின் பழைய வழக்கம். ஏனைய நாட்டார்க்குச் சிலப்பதிகாரம் ஏட்டிலுள்ள காவியம். இப்பகுதிப் பிள்ளைகளுக்கோ அது கோயில் வீதியிலே காதாற் கேட்கும் கதை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் அவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டு வெளியிட்டதும் அதே 1892 ஆம் ஆண்டிலேயாம். நூல் அச்சேறிய ஆண்டிலே, அந்நூலின் இசைப்பகுதிக்குப் பொருள்காண இருந்தவர் பிறந்தார்.

மயில்வாகனனார் ஊரிலே தமிழும் வடமொழியும் தொடங்கி, கல்முனையிலிருந்த மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் கற்று, பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் சேர்ந்தார். பதினாறு வயதிலே, 1908 இல், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். அதன்பின் ஆசிரியரானார், கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார், தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1916 இல் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலும் சித்தியெய்தினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதலாகத் தேறியவர் இவரே என்பர். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து பி.எஸ்ஸி. பட்டமும் அவரை வந்தடைந்தது.

அன்னாரின் வாசிப்பு எத்தகையது என்பதை இவ்விடத்திற் சற்றே கவனித்தல் வேண்டும். பகலில் பௌதிகமும் இரசாயனமும் படிப்பித்தார்; மற்றைப் பொழுதில் தொல்காப்பியமும் சங்க நூல்களும் ஓதினார். ஆங்கிலத்தோடு இலத்தீனும் அறிந்திருந்தார். சேக்ஸ்பியரையும் கீற்சையும் பிரௌணிங்கையும் படித்தவர், அவற்றைத் தமிழ்ச் செய்யுளாகப் பெயர்த்துப் பார்த்தார். படித்ததைப் பிறர்க்குப் பயன்படும் வண்ணம் எழுதிவைத்தலே அவர் வழக்கம். மதுரைத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவிலே 1924 இல் நாடகத்தைப் பற்றி அவர் ஆற்றிய பேருரை, மதங்க சூளாமணி என்னும் நூலாக 1926 இல் வெளிவந்தது. சேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நாடகத்தின் இலக்கணத்தைத் தமிழர்க்கு விளக்கும் நூல் அது. இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழுள் நாடகத்திற்கு அவர் செய்த தொண்டு இதுவாகும்.

இதற்கிடையில் அவர் வாழ்க்கை வேறொரு திசையிலே திரும்பிற்று. யாழ்ப்பாணத்தில் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராயும், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயும் இருந்தவர், 1922 இல் பதவியையும் வேதனத்தையும் விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்று, 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் ஏற்று, விபுலானந்தரானார். மடத்தின் தமிழ்ப் பத்திரிகையாகிய இராமகிருஷ்ண விஜயத்தையும், ஆங்கிலப் பத்திரிகையாகிய வேதாந்த கேசரியையும் நடத்தினார்.

துறவியானவர் குகை தேடிப் போகவில்லை. 1925 இல் தாயகம் மீண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை மேற்கொண்டார். யாழ்ப்பாணத்து வைத்தீஸ்வர வித்தியாலயம், திருகோணமலை இந்துக் கல்லூரி, காரைதீவிலே பெண்பிள்ளைகளுக்கான பாடசாலை என்று அவர் கவனித்தவை பல. மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையிலே 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். உயர்தர ஆங்கிலக் கல்வி வேண்டிய கிழக்கிலங்கைப் பிள்ளை அந்நாளிலே பெரும்பாலும் கிறிஸ்தவ சபைகளின் கல்லூரியையே நாட வேண்டியிருந்தது. அக்கல்லூரிகளிலே தாமும் கற்றவர், கற்பித்தவர் அடிகள். அவற்றின் நன்மையை அவர் மறந்தவரல்லர்; ஆயினும், ஒரு பிள்ளை தன் சமயத்தையும் தமிழையும் வீட்டிலே வைத்துவிட்டுக் கல்விக்குச் செல்லும் நிலை மாறல் வேண்டும் என்று கருதினார்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியபோது, முதற் பேராசிரியராக 1931 இல் அழைக்கப் பெற்றவர் நம் அடிகளே. அங்கும் வகுப்பறையோடு அவர் அமைந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்திலே, தீண்டத்தகாதார் என்று ஊரார் ஒதுக்கிய மக்கள் வாழும் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். பண்டிதர் பலர் பாரதியாரைப் புலவரென ஏற்கத் தயங்கிய காலத்திலே, பல்கலைக்கழகத்தினுள்ளே பாரதி பாடல்களைப் பயில்வதற்கு ஒரு கழகம் கண்டார். 1933 இல் அப்பதவியை விட்டு மீண்டும் பாடசாலைப் பணிக்கே வந்தார்.

இனி யாழுக்கு வருவோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியன் அமைதி கூறுமிடம், கற்றார்க்கும் கடினமான இடம். ஆங்கு இளங்கோவடிகள் கூறும் நரம்பு முறைகளை அடியார்க்குநல்லார் விரித்துரைத்தார். ஆனால் அவர் மேற்கோளாகக் காட்டிய பழைய இசைநூல்கள் பிற்காலத்தார் கையிற் கிடைக்கவில்லை. அவற்றுள் ஒன்றாகிய பஞ்சமரபுகூட அடிகள் மறைந்த பின்னரே அச்சேறியது. யாழ் என்னும் கருவியோ பல நூற்றாண்டுகளுக்கு முன்னமே வழக்கொழிந்து போயிற்று. வீணையிலே ஒரு தந்தியின்மேல் மெட்டுகள் பல அமைந்துள்ளமையால் ஒரே தந்தியிற் பல சுரங்களை எழுப்பலாம். யாழிலோ ஒவ்வோர் இசைக்கும் ஒவ்வொரு நரம்பு வேண்டும். மெட்டுடைய வீணை பரவப் பரவ யாழ் மறைந்தது. பெயர் மட்டும் பாட்டிலே நின்றது, பொருள் போயிற்று.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசை ஆராய்ச்சிக்கு வழி திறந்திருந்தார். அவ்வழியிலே அடிகள் தமக்கென ஒரு முறையை வகுத்தார். பண்டிதராக நின்று பாட்டின் பொருளை ஆராய்ந்தார். விஞ்ஞானியாக நின்று நரம்பின் நீளத்தை அளந்தார். நரம்பைப் பாதியாகக் குறைப்பின் ஒலியின் அதிர்வு இருமடங்காகும். மூன்றில் இரண்டு பங்காகக் குறைப்பின் குரலுக்கு இளி பிறக்கும். இக்காலத்தார் சட்ஜம், பஞ்சமம் என்பன இவையே. அந்த இளியைக் குரலாகக் கொண்டு அதற்கோர் இளி, பின் அதற்கோர் இளி என்று எண்ணிச் சென்றால் பன்னிரண்டு நிலைகள் பிறக்கும். பழையோர் பன்னிரண்டு இராசி வீடுகளில் நரம்புகளை நிறுத்திக் காட்டியதன் காரணம் இக்கணக்காலே துலங்கும். குரலே குரலாயின் செம்பாலை. துத்தம் குரலாயின் படுமலைப்பாலை. இவ்வாறே ஏழு நரம்பினும் ஏழு பாலை பிறக்கும் வகையையும் அவர் முறைப்படுத்தினார். உரைநூலிலே புதிராய்க் கிடந்தது இவ்வாறு கணக்காக விரிந்தது.

பேரியாழ் 21 நரம்பு, மகரயாழ் 19, சகோடயாழ் 14, செங்கோட்டியாழ் 7 என்று உரையாசிரியர் எண்ணிக்கையைச் சொல்லிப் போந்தார். அவற்றின் உருவம் எவ்வாறு, உறுப்புக்கள் எவை, நரம்பு கட்டும் முறை யாது என்பவற்றைப் பாட்டிலிருந்தும் உரையிலிருந்தும் சிற்பங்களிலிருந்தும் தேடித் தொகுத்தார். தேவாரத்துப் பண்களையும் அதே அளவுகோலால் ஆராய்ந்தார்.

இவ்வாராய்ச்சி பத்தாண்டுகளுக்கு மேலாக நீண்டது. காலம் நீண்டமைக்குக் காரணம் சோம்பலன்று. பணிகள் அவரை விடவில்லை. பாடசாலைக் கணக்கு, ஆசிரியர் நியமனம், கட்டட நிதி ஒருபுறம். விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்கக் கலைச்சொற்கள் ஆக்கும் முயற்சி ஒருபுறம். அதற்கெனச் சென்னையிலே 1936 இல் கூடிய மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். பின்னர் இமயமலைச் சாரலிலே மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலப் பத்திரிகையை நடத்தினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவரை அழைத்தது. எங்குச் சென்றாலும் யாழ் ஆராய்ச்சியும் உடன் சென்றது. உடலோ நாளுக்கு நாள் தளர்ந்து வந்தது. ஒன்றை விட்டிருந்தால் மற்றொன்று விரைவில் முடிந்திருக்கும்; உடல்நலமும் காக்கப்பட்டிருக்கும். அவரோ பாடசாலையை நூலுக்காகவும் விடவில்லை, நூலைப் பாடசாலைக்காகவும் விடவில்லை. அவ்விரண்டையும் சுமந்தமைக்கு விலையாகத் தம் உடலையே கொடுத்தார் எனின் மிகையாகாது.

ஈற்றில் யாழ்நூல் பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களுடன் நிறைவெய்திற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆம், 6 ஆம் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே நூல் அரங்கேறியது. ஆற்றுவெள்ளத்தைக் கடக்கத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி ஓடம் செலுத்திய தலம் அது. சம்பந்தருடன் யாழேந்திச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்பதை அறிவோம். அடிகளின் கணக்கின்படி அமைந்த யாழை இசைப்புலவர் க. பொ. சிவானந்தம் பிள்ளை மீட்ட, தமிழறிஞர்களும் பொதுமக்களும் கேட்டனர். பல நூற்றாண்டுகளாகப் பாட்டிலே மட்டும் இருந்த கருவி அன்று மீண்டும் ஒலித்தது.

அரங்கேற்றம் நிகழ்ந்து ஆறு வாரமே கழிந்தது. 1947 ஜூலை 19 ஆந் திகதி கொழும்பிலே அடிகள் இறைவனடி சேர்ந்தார். அகவை ஐம்பத்தைந்து. அவர்தம் திருமேனி கல்லடி உப்போடைக்குக் கொணரப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பட்டது. அண்மையிலேயே மட்டக்களப்பு வாவி. அவ்வாவியில் நிலாக்காலத்து இரவிலே மீன்கள் பாடுவதாக நம் முன்னோர் கூறுவர்; அந்நீரொலியைப் பொருளாக வைத்து அடிகளும் கவிதை யாத்திருக்கிறார்.

யாழ்நூலின் முடிபுகள் அனைத்தையும் எல்லா அறிஞரும் ஒப்புக்கொண்டனர் என்று கூறுவதற்கில்லை. யாழும் கச்சேரி மேடைகளிலே நிலைபெற்றுவிடவில்லை. ஆயினும், தமிழிசையின் பழமையை ஆராயப் புகுவோர் எவரும் அந்நூலைக் கடந்து செல்ல முடியாது. மட்டக்களப்பிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, இசையும் நடனமும் நாடகமும் பயிற்றும் அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமானதே.

வாலிப அன்பர்களே! பழம்பெருமை பேசுதல் எளிது. நம் முன்னோர் யாழ் மீட்டினர் என்று மேடையிலே முழங்குவதற்கு ஒரு நாழிகை போதும். அந்த யாழுக்கு எத்தனை நரம்பு, ஒவ்வொன்றின் நீளம் என்ன என்று கேட்டு விடைகாண அடிகளுக்கு ஆண்டுகள் பல வேண்டியிருந்தன. விஞ்ஞானம் கற்றவர் தமிழைப் புறக்கணிக்காமலும், தமிழ் கற்றவர் கணக்கைக் கண்டு அஞ்சாமலும் இருந்தாலன்றி அப்பணி முற்றுப்பெற்றிராது.

நம் ஊர்க் கோயில்களிலே வழக்குரையும் காவியமும் குளிர்த்தியும் பாடும் முதியோர் இன்றும் சிலர் உளர். அயலூர்களிலே கவி பாடும் முஸ்லிம் மூதாட்டியரும் உளர். அவர்கள் பாட்டைக் கேட்டு, மெட்டோடு பதிந்து, பொருளோடு எழுதிவைக்க இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. கேட்க அமரும் இளைஞரே குறைவு. சங்கத்து இளைஞர் சிலர் விடுமுறை நாளொன்றில் ஏடும் பதிவுக் கருவியும் கொண்டு அம்முதியோர் வாயிலிற் சென்று அமர்வாராயின், அடிகளுக்கு நாம் எடுக்கும் விழாக்களிலே சிறந்த விழா அதுவே ஆகும்.