தொட்டிலும் துலாக்கோலும்: மேரி கியூரி அம்மையார் வாழ்வு

இருமுறை நோபல் பரிசு பெற்ற முதல் மனிதர் யார் என வினவினால், பள்ளிச் சிறாரும் மேரி கியூரி என விடையிறுப்பர். அவர் கண்டறிந்த தனிமங்கள் எவை எனக் கேட்டால், பொலோனியம், ரேடியம் எனத் தயங்காது கூறுவர். ஆயின், அவ்விரு தனிமங்களும் உலகிற்கு அறிவிக்கப்பட்ட 1898ஆம் ஆண்டில் அவ்வம்மையாரின் இல்லத்தில் தவழும் பருவத்துக் குழந்தையொன்று இருந்தது என்பதையும், தாய் ஆய்வுக்கூடத்தில் இருந்த பொழுதுகளில் அக்குழந்தையைப் பேணியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. மேதையின் வாழ்வை எழுதுவோர் துலாக்கோலைக் காட்டுகின்றனர், தொட்டிலை மறைத்துவிடுகின்றனர். இரண்டையும் சேர்த்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாய் துறந்த பணி

மேரி அம்மையார் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் போலந்து நாட்டின் வார்சா நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மரியா. போலந்தின் அப்பகுதி அந்நாளில் உருசியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. தந்தையார் கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். அன்னையாரோ புகழ்பெற்ற பெண்கள் விடுதிப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர். அறிவும் ஆற்றலும் நிரம்பிய அவ்வன்னையார், ஐந்தாவது மகவாகிய மரியா பிறந்தபின் அப்பதவியைத் துறந்தார். பின்னர்க் காசநோய்க்கு ஆளாகி 1878இல் மறைந்தபோது மரியாவுக்கு வயது பத்து.

ஒரு பள்ளியையே நடத்திய பெண்மணி, பிள்ளைப்பேற்றின் பொருட்டுப் பணியை விட்டு விலகியதை அக்காலத்தில் எவரும் இழப்பாகக் கருதவில்லை. அது இயல்பு என்றே கொள்ளப்பட்டது. தந்தையார் பணியைத் தொடர்ந்தார்; தாயார் நிறுத்தினார். ஐந்து பிள்ளைகளும் இருவர்க்கும் பிறந்தவர்களே ஆயினும், பணியை இழந்தவர் ஒருவரே. தாய்க்கு நேர்ந்தது மகளுக்கு நேராது போனது எவ்வாறு என்பதே மேரி அம்மையார் வாழ்வில் நாம் ஆராய வேண்டிய வினாவாகும்.

உடன்பிறந்தார் உடன்படிக்கை

வார்சாப் பல்கலைக்கழகம் அந்நாளில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே மரியாவும் தமக்கை பிரோனியாவும் தம்முள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். தமக்கை முதலில் பாரிசு சென்று மருத்துவம் பயில்வது. தங்கை செல்வர் இல்லங்களில் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பொருள் அனுப்புவது. தமக்கை நிலைபெற்றபின் தங்கையை அழைத்துக்கொள்வது. இவ்வாறு பல ஆண்டுகள் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே பொருளீட்டிய மரியா, 1891இல் பாரிசு சேர்ந்தார். 1893இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலிடமும், 1894இல் கணிதத்தில் இரண்டாமிடமும் பெற்றார்.

ஒருவர் சுமையை மற்றொருவர் முறை வைத்துச் சுமக்கும் இந்தப் பண்பை அவர் இளமையிலேயே கற்றார் என்பது கருதத்தக்கது. பின்னாளில் அவர் வாழ்வைத் தாங்கிய தூணும் இதுவே.

ஒத்த நிலையில் ஓர் இல்லறம்

1895ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் மேரிக்கும் இயற்பியலறிஞர் பியரி கியூரிக்கும் திருமணம் நடைபெற்றது. ஆய்வுக்கூடத்திற்கும் உடுத்திச் செல்லத்தக்க கருநீல உடையையே மணமகள் அணிந்தார். மணமகனின் பெற்றோர் அளிக்க முன்வந்த அறைகலன்களை இருவரும் ஏற்கவில்லை. பொருள்கள் பெருகினால் அவற்றைத் துடைத்துப் பேணும் வேலையும் பெருகும் என்பதே காரணம். வீட்டுவேலை எனும் கணக்கில் முதலில் குறைக்கத்தக்கதைக் குறைத்துவிட்டே அவர்கள் இல்லறம் தொடங்கினர்.

பியரி கற்பித்துவந்த தொழிற்கல்விக் கூடத்திலேயே மேரிக்கும் ஆய்வு செய்ய இடம் கிடைத்தது. ஆனால் ஊதியம் இல்லை. அந்நாளைய பிரெஞ்சுச் சட்டப்படி, மணமான பெண் தான் ஈட்டிய ஊதியத்தைத் தன் விருப்பம்போல் செலவிடும் உரிமையும் பெற்றிருக்கவில்லை. அவ்வுரிமை 1907இல்தான் வந்தது.

தொட்டிலருகே தொடங்கிய ஆய்வு

1897ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் மூத்த மகள் ஐரீன் பிறந்தார். பேறு பார்த்தவர் பியரியின் தந்தையாராகிய மருத்துவர் யூஜின் கியூரி. 1871ஆம் ஆண்டின் பாரிசுக் கிளர்ச்சியில் காயமுற்றோர்க்குத் தம் இல்லத்திலேயே மருத்துவம் செய்த உள்ளமுடையவர் அவர். பேத்தி பிறந்த இரண்டே வாரங்களில் அவர்தம் துணைவியார் புற்றுநோயால் மறைந்தார். தனித்து நின்ற முதியவர் மகன் இல்லத்திற்கு வந்து சேர்ந்தார். குழந்தையைப் பேணும் பொறுப்பை விருப்புடன் ஏற்றார்.

இந்நிகழ்ச்சியின் அருமையை நாம் நன்கு உணர்தல் வேண்டும். அப்போது பிரான்சில் பேறுகால விடுப்புக்குச் சட்டம் இல்லை. பணியிழக்காமல் எட்டு வாரம் விடுப்புப் பெறும் உரிமையும் 1909இல்தான் சட்டமாயிற்று. அதுவும் ஊதியமற்ற விடுப்பே. இத்தகைய காலத்தில், குழந்தை பிறந்து மூன்று திங்கள் கழிந்த அளவில், 1897 திசம்பரில் மேரி அம்மையார் யுரேனியக் கதிர்கள் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். 1898 சூலையில் பொலோனியமும், திசம்பரில் ரேடியமும் அறிவிக்கப்பட்டன. தம் தாய் பள்ளியை விட்டு நீங்கிய அதே வாழ்க்கைக் கட்டத்தில், மகள் இரு தனிமங்களைக் கண்டறிந்தார். தாயினும் மகள் திறமை மிக்கவர் என்பதனால் மட்டும் இது நிகழ்ந்துவிடவில்லை. மகளின் இல்லத்தில் ஒரு பாட்டனார் இருந்தார் என்பதும் காரணமாகும்.

குழந்தையின் எடை, முளைத்த பற்கள், உண்ட உணவு ஆகியவற்றை அம்மையார் குறிப்பேட்டில் நாள்தோறும் பதிந்துவந்தார். பகலில் கனிமத்தை நிறுத்த அதே கை, மாலையில் மகவை நிறுத்துக் குறித்தது. மழைநீர் ஒழுகும் கூரையுடைய கொட்டகையில், டன் கணக்கான கனிமக் கழிவைக் காய்ச்சி வடித்து, 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியக் குளோரைடைப் பிரித்தெடுத்தார். இதற்கிடையே 1900 முதல் செவ்ர் நகரிலிருந்த பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் கற்பித்தார். 1903இல் முனைவர் பட்டம் பெற்ற சில வாரங்களில், ஐந்து திங்கள் கருச்சிதைந்து பெருந்துயருற்றார். வெற்றிகளை அடுக்கும் நூல்கள் பல இத்துயரைக் கூறாது கடந்துவிடுகின்றன.

விடுபட்ட பெயர்

1903ஆம் ஆண்டு நோபல் பரிசுக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தார் நால்வர் அனுப்பிய பரிந்துரையில் பெக்கரல், பியரி கியூரி ஆகிய இருவர் பெயர்களே இருந்தன. ஆய்வைத் தொடங்கியவரான மேரியின் பெயர் இல்லை. மனைவி கணவர்க்கு உதவியாளர் என்றே அவர்கள் கருதினர் போலும். சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக் லெஃப்ளர் இச்செய்தியைப் பியரிக்குத் தெரிவித்தார். மேரியையும் சேர்த்தே கருதுதல் வேண்டும் எனப் பியரி மறுமொழி எழுதினார். அதன்பின்னரே மூவர்க்கும் பரிசு என்றாயிற்று. பெண்ணின் உழைப்பு மறைக்கப்படும் இடத்தில், அருகிருக்கும் ஆண் வாய் திறந்து உண்மை கூறுவதும் நீதியின் ஒரு பகுதி என்பதற்கு இது சான்றாகும்.

நோபல் பரிசு பெற்ற பின்னரும், 1904 நவம்பரில் பியரியின் ஆய்வகத் தலைமைப் பணியாளராக அமர்த்தப்பட்ட போதுதான் அவ்வாய்வகத்தில் மேரிக்கு ஊதியம் கிடைத்தது. அடுத்த திங்களில், திசம்பர் 6ஆம் நாள், இளைய மகள் ஈவ் பிறந்தார்.

கைம்மையிலும் கடமை

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் பாரிசுத் தெருவில் குதிரை வண்டியில் அகப்பட்டுப் பியரி உயிர் நீத்தார். ஐரீனுக்கு வயது எட்டு. ஈவுக்குப் பதினாறு திங்கள். அரசு உதவித்தொகை அளிக்க முன்வந்தது. உழைத்துப் பிள்ளைகளைக் காக்க வல்லேன் எனும் உறுதியுடன் அம்மையார் அதனை மறுத்தார். கணவர் வகித்த பணியைப் பல்கலைக்கழகம் அவரிடமே ஒப்படைத்தது. நவம்பர் 5ஆம் நாள், பியரி விட்ட இடத்திலிருந்தே தம் முதற் பாடத்தைத் தொடங்கினார். சோர்போனில் கற்பித்த முதற் பெண் அவரே. 1908இல் முழுப் பேராசிரியரானார்.

மகனை இழந்த யூஜின் கியூரி, மூத்த மகனின் இல்லத்திற்குச் சென்றிருக்கலாம். மருமகளும் அவர் விருப்பத்தை வினவினார். அவரோ மருமகளுடனும் பேத்திகளுடனும் இருப்பதையே தேர்ந்தார். தாய் புகைவண்டி ஏறிப் பாரிசுக்குச் சென்றுவர, பாட்டனார் தோட்டத்தில் செடிகளைக் காட்டி ஐரீனுக்கு இயற்கையறிவு ஊட்டினார். ஐரீனின் முதல் ஆசான் அவரே எனல் மிகையன்று. 1910 பிப்ரவரியில் அவர் மறையும் வரை அக்குடும்பம் அவர் நிழலில் வாழ்ந்தது.

குழந்தைகளுக்கொரு கூட்டுப்பள்ளி

நெடுநேரம் வகுப்பறையில் அடைத்து வைக்கும் பள்ளிமுறையை அம்மையார் விரும்பவில்லை. அறிஞர் நண்பர்களுடன் கூடி ஒரு கூட்டுறவுக் கல்வியை அமைத்தார். ஏறத்தாழப் பத்துக் குழந்தைகள், பெற்றோர்களே ஆசிரியர்கள், அம்மையார் இயற்பியல் கற்பித்தார். ஈராண்டுக் காலம் இது நடைபெற்றது. பிள்ளை வளர்ப்பைத் தாயர் தனித்தனியே சுமக்காது, ஆண் பெண் இருபாலாரும் கூடிச் சுமந்தனர் என்பதே இம்முயற்சியின் சிறப்பு.

மூடிய கதவு

1911 சனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழக உறுப்பினர் தேர்தலில் மிகச் சில வாக்குகள் குறைவாகப் பெற்று அம்மையார் தோல்வியுற்றார். பெண்ணை ஏற்பதா எனும் எதிர்ப்பு அப்போது வெளிப்படையாகவே எழுந்தது. அக்கழகம் முழு உறுப்பினராக ஒரு பெண்ணை முதன்முதல் தேர்ந்தது 1979இல்தான். அதே ஆண்டின் இறுதியில் இதழ்கள் அம்மையாரின் தனிவாழ்வைத் தூற்றின. ஆண் அறிஞர் எவரையும் அவ்வளவு கொடிதாக அவை தூற்றியதில்லை. அவ்வேளையில்தான் வேதியியலுக்கான இரண்டாம் நோபல் பரிசு வந்தது. வாராதிருத்தல் நலம் எனச் சிலர் குறிப்புக் காட்டியும், மகள் ஐரீனையும் தமக்கை பிரோனியாவையும் உடனழைத்துக்கொண்டு ஸ்டாக்ஹோம் சென்று நேரில் பெற்றார்.

மகள் கண்ட வழி

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. எக்சுகதிர்க் கருவி பொருத்திய 20 ஊர்திகளையும், நிலையான 200 கதிர்ப்படக் கூடங்களையும் அம்மையார் அமைத்தார். பதினேழு வயது ஐரீன் உடனிருந்து பணியாற்றினார். தாயின் பணியால் புறக்கணிக்கப்பட்ட மகளாக அன்றி, தாயின் பணியில் பங்கேற்ற மகளாக அவர் வளர்ந்தார்.

ஆயினும் இழப்பே இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. பிள்ளைகள் தாயைப் பிரிந்திருந்த பொழுதுகள் பல. கணவர் மறைவுக்குப்பின் அம்மையார் தம் துயரை உள்ளேயே பூட்டி வைத்தார். தந்தையைப் பற்றி மகளிரிடம் பேசுதலும் அவருக்கு அரிதாயிற்று. நெடுங்காலம் கதிரியக்கப் பொருள்களுடன் பழகிய உடல் நலிந்து, 1934ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

மறுஆண்டே ஐரீன் தம் கணவர் பிரெடரிக் சோலியோவுடன் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அப்போது ஐரீனும் இரு குழந்தைகளின் தாய். 1936இல் பிரெஞ்சு அரசில் அறிவியல் ஆய்வுக்கான துணைச் செயலர் பதவியையும் ஏற்றார். பெண்களுக்கு வாக்குரிமையே 1944இல்தான் வழங்கப்பட்ட நாடு அது என்பதை நினைத்தல் வேண்டும். இளையவர் ஈவ் எழுத்தாளராகித் தாயின் வரலாற்றை 1937இல் நூலாக்கினார். 2007இல் தம் 102ஆம் வயதில் மறைந்தார். 1995இல் மேரி அம்மையாரின் திருவுடல் பாரிசின் பாந்தியன் மாளிகையில் அடக்கம் செய்யப்பட்டது. தம் சொந்தச் சாதனையால் அச்சிறப்பைப் பெற்ற முதற் பெண் அவரே.

நாம் கொள்ள வேண்டியது

பெண்ணால் இல்லத்தையும் பணியையும் ஒருங்கே காக்க இயலுமா எனப் பட்டிமன்றங்களில் வினவுகிறோம். இவ்வினாவே பிழையானது. ஆணை நோக்கி எவரும் இவ்வாறு வினவுவதில்லை. பெண் பணிக்குச் செல்லும்போது இல்லத்தின் பொறுப்பை யார் யார் பகிர்கின்றனர் என்பதே சரியான வினா. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டமும், முதலிரு மகப்பேறுகளுக்கு 26 வார விடுப்பு வழங்கிய 2017ஆம் ஆண்டுத் திருத்தமும் வரவேற்கத்தக்கன. 50 பேருக்குக் குறையாது பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அத்திருத்தத்தில் உண்டு. எனினும் விடுப்பு முடிந்த மறுநாள் காலையில் குழந்தையை ஏந்த இல்லத்தில் ஒரு கை இல்லையேல், தாயின் பணிவாழ்வு அன்றே தளர்கிறது.

மாணவச் செல்வங்களே! வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவியர் பலர், முதற் குழந்தை பிறந்தபின் கல்வியையும் பணியையும் கைவிடுவதைக் கண்முன்னே காண்கிறோம். மேரி அம்மையாரைப் போல் உழையுங்கள் என மாணவியர்க்கு மட்டும் அறிவுரை கூறுதல் எளிது. மாணவர்களே, பியரியைப் போல் உண்மைக்கு வாய் திறவுங்கள். சமுதாயப் பெரியோர்களே, யூஜின் கியூரி எனும் அம்முதியவரை எண்ணிப் பாருங்கள். அவர் பெயரில் எந்தத் தனிமமும் இல்லை. எந்தப் பரிசும் இல்லை. ஆயினும் அவர் ஏந்திய குழந்தை நோபல் பரிசு பெற்றது. அவர் தாங்கிய மருமகள் உலகிற்கு ஒளியானார். நம் இல்லங்கள் தோறும் அத்தகைய பெரியவர் ஒருவர் இருப்பின், நம் பெண்மக்கள் கற்ற கல்வி வீண்போகாது.